ஓர் ஐரிஷ் பிரபுப் பட்டம் யாருக்குப் போய்ச் சேரும்? தலைமுறை வாரியாகக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

1842 செப்டம்பர் 26 அன்று ரிச்சர்ட் வெல்லெஸ்லி லண்டனில் இறந்தார். ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபோது கவர்னர் ஜெனரலாக இருந்தவர், தஞ்சாவூரையும் ஆற்காட்டு நவாபின் நாட்டையும் கம்பெனி ஆட்சிக்குள் கொண்டுவந்தவர் என்று நம் வரலாற்றுப் பாடங்களில் வரும் அதே வெல்லெஸ்லிதான். அயர்லாந்துப் பட்டங்களில் அவரிடம் இருந்த பெரியவை இரண்டு: மார்னிங்டன் ஏர்ல், வெல்லெஸ்லி மார்க்குவிஸ். அவர் இறந்ததும் மார்க்குவிஸ் பட்டம் அடியோடு அற்றுப்போனது. ஏர்ல் பட்டம் தம்பி வில்லியமுக்குப் போனது.

இறந்தவர் ஒருவர், தம்பியும் அதே தம்பி. அப்படியிருக்க ஒரு பட்டம் மட்டும் ஏன் கைமாறியது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் ஐரிஷ் பட்டங்களின் வாரிசுமுறையில் பாதிக்கு மேல் புரிந்துவிடும். பட்டத்தைக் கடைசியாக வைத்திருந்தவருக்கு யார் வாரிசு என்று சட்டம் கேட்பதில்லை. அதை முதன்முதலில் வாங்கியவரின் ஆண் சந்ததியில் இப்போது முன்னால் நிற்பவர் யார் என்றுதான் கேட்கிறது. மார்க்குவிஸ் பட்டத்தை 1799இல் முதலில் வாங்கியவர் ரிச்சர்டேதான். அவருக்கு முறைப்படி பிறந்த மகன் இல்லாததால் அந்தக் கிளை அங்கேயே முடிந்தது. ஏர்ல் பட்டத்தை 1760இல் முதலில் வாங்கியவர் அவருடைய அப்பா காரெட். அவருக்கு வில்லியம் என்ற இன்னொரு மகன் உயிரோடு இருந்தார்.

கம்பெனிக் காலத்துக் கடிதங்களைப் படிப்பவர்கள், சென்னைக் கோட்டையின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள், தங்கள் குடும்பத்தில் அயர்லாந்துப் பிரபு ஒருவரின் ரத்தம் இருப்பதாகக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வழிகாட்டி உதவும். வரிசையாகப் போவோம். பெரும்பாலும் மார்னிங்டன் குடும்பத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சிக்கல்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு வீட்டில் நடந்திருக்கின்றன.

முதல் படி: எந்தப் பட்டம் என்று உறுதி செய்யுங்கள்

மேலிருந்து கீழாக டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று ஐந்து நிலைகள் உண்டு. ஒரே ஆள் இதில் நான்கைக்கூட ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக, வேறு வேறு ஆண்டுகளில் கொடுக்கப்பட்டிருக்கும். அதனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் போகலாம். ஒரு தாளில் பட்டத்துக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் வரும் எல்லாமே குழம்பும்.

அடுத்து, அது எந்த நாட்டுப் பட்டியலைச் சேர்ந்தது என்று பாருங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, கிரேட் பிரிட்டன், ஐக்கிய ராஜ்யம் என்று ஐந்து பட்டியல்கள் உள்ளன. அயர்லாந்து தனி ராஜ்யமாக இருந்தபோது கொடுத்த பட்டங்களும், 1801இல் பிரிட்டனோடு இணைந்த பிறகு கட்டுப்பாட்டோடு கொடுத்த சிலவும் ஐரிஷ் பட்டியலில் வரும். இணைப்புக்குப் பிறகு ஐரிஷ் பிரபுக்கள் எல்லோருக்கும் லண்டன் மேலவையில் இடம் கிடைக்கவில்லை. தங்களுக்குள் 28 பேரை ஆயுள்காலப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

ஐரிஷ் பட்டம் வைத்திருப்பவர் ஐரிஷ்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ராபர்ட் கிளைவுக்கு 1762இல் கிடைத்த பிளாசி கிளைவ் பாரன் பட்டம் ஐரிஷ் பட்டம்தான். அப்படிப்பட்ட பட்டத்தால் ஒரு வசதியும் உண்டு. பிரபு என்ற பெயரும் இருக்கும், லண்டன் கீழவைத் தேர்தலில் நிற்கவும் முடியும். பிரிட்டிஷ் பிரதமர் பாமர்ஸ்டன் ஐரிஷ் வைகவுண்ட். கடைசிவரை கீழவையிலேயே இருந்தார்.

கிளைவ் விஷயத்தில் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1751இல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ் 1774இல் இறந்துவிட்டார். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799இலும், கர்நாடக உடன்படிக்கை கையெழுத்தான 1801இலும் சென்னையில் கவர்னராக இருந்த கிளைவ் பிரபு, அவருடைய மகன் எட்வர்ட். பட்டத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு பேரையும் ஒருவராக நினைத்துவிடக் கூடாது. இதற்கு நேர்மாறாக, 1798ஆம் ஆண்டுக் கடிதங்களில் வரும் மார்னிங்டன் பிரபுவும் 1800ஆம் ஆண்டுக் கடிதங்களில் வரும் வெல்லெஸ்லி பிரபுவும் ஒரே ஆள்தான்.

மரியாதைக்காக அழைக்கும் பெயரையும் பட்டத்தையும் பிரித்துப் பாருங்கள். ஒரு ஏர்லின் மூத்த மகனை, அப்பாவின் அடுத்த நிலைப் பட்டத்தைச் சொல்லி அழைப்பது வழக்கம். 1760 முதல் 1781 வரை ரிச்சர்டை வெல்லெஸ்லி வைகவுண்ட் என்று அழைத்தார்கள். ஆனால் அப்பா காரெட் இறக்கும்வரை சட்டப்படி அவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. மூத்த மகன் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டால், அவரை எவ்வளவு காலம் பிரபு என்று அழைத்திருந்தாலும் பட்டம் வகித்தவர்கள் வரிசையில் அவருக்கு எண் கிடையாது.

இரண்டாம் படி: பட்டயத்தில் உள்ள வாரிசு வரியைப் படியுங்கள்

பெரும்பாலான ஐரிஷ் பட்டங்கள் அரசரின் பட்டயத்தால் உண்டானவை. பட்டம் அடுத்து யாருக்குப் போகும் என்று சொல்லும் வரி அதில் இருக்கும். வழக்கமாக, வாங்கியவரின் உடல்வழி ஆண் சந்ததிக்கு என்று இருக்கும். மகன், மகனின் மகன், அவன் மகன் என்று ஆண்வழியில் மட்டுமே இறங்கும். மகளுக்கு வராது, மகள் வயிற்றுப் பேரனுக்கும் வராது. முதலில் வாங்கியவரின் தம்பிக்கும் வராது, ஏனென்றால் தம்பி அவருக்குப் பிறந்தவர் இல்லை.

இந்த ஒரு வரி எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், தஞ்சை மன்னர் துளஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்ததை ஒட்டி எழுந்த சண்டையில் 1776இல் தன் கவுன்சில்காரர்களாலேயே கைது செய்யப்பட்டு, 1777இல் காவலிலேயே இறந்தார். அவரிடம் இரண்டு கௌரவங்கள் இருந்தன. ஒன்று, 1764இல் கிடைத்த பாரனெட். பிரபு நிலைக்குக் கீழே உள்ள பரம்பரைப் பட்டம் அது. இன்னொன்று, 1766இல் கிடைத்த ஐரிஷ் பாரன் பட்டம். பாரனெட் பட்டயத்தில் தம்பிகளுக்கும் போகலாம் என்று தனியாக எழுதியிருந்தார்கள், அதனால் அது தம்பி ராபர்ட்டுக்குப் போனது. பாரன் பட்டயத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பிகட் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் இறந்ததோடு பாரன் பட்டமும் முடிந்தது.

இப்படிச் சேர்க்கும் சிறப்பு வரிகள் பழைய காலத்திலேயே உண்டு. 16ஆம் நூற்றாண்டுக்கு முன்பு அயர்லாந்தின் பூர்வகுடிகளான கேலிக் மக்களின் குடித்தலைவர்களிடம் மூத்த மகனுக்கே எல்லாம் என்ற வழக்கம் இல்லை. குடும்பத்தின் ஆண்களில் தகுதியானவராகப் பார்த்து, தலைவர் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். எட்டாம் ஹென்றி அவர்களுடைய நிலங்களை ஒப்படைக்கச் செய்து, ஆங்கிலப் பட்டங்களோடு திருப்பிக் கொடுத்தார். அந்த வகையில் 1543இல் மரோ ஓ'பிரையனுக்கு இரண்டு பட்டங்கள் கிடைத்தன. தாமண்ட் ஏர்ல் பட்டம் அவர் ஆயுள்வரைதான், பிறகு அண்ணன் மகன் டோனோவுக்கு. இன்சிக்வின் பாரன் பட்டம் அவருடைய சொந்த ஆண் சந்ததிக்கு. பழைய வழக்கப்படி அடுத்த தலைவராக நின்றவருக்கு ஒரு பட்டம், புதிய முறைப்படி மகனுக்கு இன்னொன்று. இரண்டு சட்டங்களையும் ஒரே ஏற்பாட்டில் சமரசம் செய்திருக்கிறார்கள். ஐரிஷ் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கடைசியாக உண்டாக்கப்பட்ட ஐரிஷ் பட்டம் 1898இல், இந்தியாவுக்கு வைஸ்ராயாக வரவிருந்த கர்சனுக்குக் கொடுத்த கெடில்ஸ்டன் கர்சன் பாரன் பட்டம். வழக்கமான ஆண்வழி வரியே அதற்கும். கர்சனுக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. 1925இல் அவர் இறந்ததும் அது அற்றுப்போனது. ஆனால் 1911இல் அவருக்குக் கிடைத்த ரேவன்ஸ்டேல் பாரன் பட்டம், இது ஐக்கிய ராஜ்யப் பட்டியலில் உள்ளது, மகள்களுக்குப் போகலாம் என்று எழுதப்பட்டிருந்ததால் மூத்த மகள் ஐரீனுக்குக் கிடைத்தது. பட்டயத்தைப் பார்க்காமல் பொது விதியை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மூன்றாம் படி: குடும்ப மரத்தை மேலிருந்து வரையுங்கள்

பலரும் தங்களிடமிருந்து தொடங்கி அப்பா, தாத்தா என்று மேலே போவார்கள். குடும்ப வரலாறு எழுத அது நல்ல வழி. பட்டத்தின் வாரிசைக் கண்டுபிடிக்க அது போதாது. முதலில் வாங்கியவரை உச்சியில் வைத்து, அவருடைய எல்லா மகன்களையும் பிறந்த வரிசையில் எழுதி, ஒவ்வொருவரின் கிளையையும் முடிவுவரை தொடர வேண்டும். சின்ன வயதில் இறந்த மகன்களையும் எழுதுங்கள். அவர்கள் வாரிசு விடாமல் இறந்தார்கள் என்பதும் நிரூபிக்க வேண்டிய ஒன்றுதான்.

மார்னிங்டன் மரத்தை வரைவோம். மீத் கவுண்டியில் டங்கன் கோட்டை, மார்னிங்டன் ஆகிய நிலங்களை வைத்திருந்த காரெட் வெஸ்லி பிள்ளையில்லாமல் இறந்தபோது, 1728இல் அவை உறவினரான ரிச்சர்ட் காலிக்குப் போயின. சொத்தோடு வெஸ்லி என்ற குடும்பப் பெயரையும் அவர் ஏற்றுக்கொண்டார். 1746இல் அவர் மார்னிங்டன் பாரன் ஆனார். அவருடைய மகன்தான் நாம் மேலே பார்த்த காரெட். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியர் அவர். 1760இல் ஏர்ல் ஆனார். பெரியவர்களாக வளர்ந்த அவருடைய மகன்கள் வரிசையாக ரிச்சர்ட், வில்லியம், ஆர்தர், ஜெரால்ட், ஹென்றி. மூன்றாவதாக வரும் ஆர்தர்தான் பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் டியூக்.

இந்த வீட்டில் குடும்பப் பெயர் எத்தனை முறை மாறியது என்று பாருங்கள். காலி, வெஸ்லி ஆனது. வெஸ்லி, வெல்லெஸ்லி ஆனது. வில்லியம் வேறொருவரின் சொத்துக்கு வாரிசானதால், போல் என்ற பெயரையும் சேர்த்து வெல்லெஸ்லி-போல் ஆனார். அவர் மகன் பணக்கார மனைவியின் பெயர்களையும் சேர்த்து போல் டில்னி லாங் வெல்லெஸ்லி என்று நீட்டிக்கொண்டார். குடும்பப் பெயரை வைத்து மட்டும் தேடினால் சரியான ஆளைத் தவறவிடுவீர்கள். ஆவணத்தில் ஆளைத்தான் பின்தொடர வேண்டும்: பிறந்த நாள், அப்பா பெயர், ஊர், நிலம்.

நான்காம் படி: ஒவ்வொரு கல்யாணத்தையும் சோதியுங்கள்

ஆண் சந்ததி என்றால் சட்டப்படியான திருமணத்துக்குள் பிறந்தவர்கள். இதில் சட்டம் இரக்கம் காட்டுவதில்லை. ரிச்சர்ட் வெல்லெஸ்லிக்கும் பிரெஞ்சுப் பெண்மணி யாசிந்த் ரோலாந்துக்கும் ஐந்து பிள்ளைகள், அவர்களில் மூன்று பேர் மகன்கள். ஐந்து பேரும் 1794இல் பெற்றோரின் திருமணம் நடப்பதற்கு முன்பே பிறந்தவர்கள். அப்பா அவர்களைத் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார், ஊருக்கும் அது தெரியும். பின்னால் கல்யாணம் நடந்தும் அவர்களுக்குப் பட்ட உரிமை வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ஆன் என்ற மகளின் கொள்ளுப்பேத்திக்குப் பிறந்தவர்தான் ராணி இரண்டாம் எலிசபெத். அரியணை வரை போன ரத்தத்துக்கு மார்னிங்டன் பட்டம் கிடைக்கவில்லை.

அயர்லாந்தில் இன்னொரு பெரிய கண்ணி இருந்தது. 1745ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமக்களில் ஒருவர் புராட்டஸ்டன்ட்டாக இருந்து கத்தோலிக்கக் குருவானவர் மணமுடித்து வைத்தால் அந்தத் திருமணம் செல்லாது. 1870இல்தான் இந்த நிலை மாறியது. எல்வர்டன் என்ற ராணுவ அதிகாரி, தெரசா லாங்வொர்த் என்ற கத்தோலிக்கப் பெண்ணை 1857இல் அயர்லாந்தில் ஒரு குருவானவர் முன்னிலையில் மணந்தார். மறு ஆண்டே வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். 1861இல் டப்ளினில் நடந்த வழக்கில் ஜூரிகள் தெரசாவின் திருமணம் செல்லும் என்றார்கள், நகரமே கொண்டாடியது. பிறகு லண்டன் மேலவை அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்வர்டன் பின்னாளில் ஏவன்மோர் வைகவுண்ட் ஆனார், இரண்டாவது மனைவியின் மகன்கள் அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தார்கள். தெரசாவின் திருமணம் செல்லும் என்று முடிந்திருந்தால் அந்த மகன்கள் முறைப்படி பிறக்காதவர்கள் ஆகியிருப்பார்கள். தெரசா இந்த அநீதியோடு பல ஆண்டுகள் போராடினார். மரத்தில் ஒரு சின்னக் கோடாகத் தெரியும் திருமணத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே 1870க்கு முந்தைய கலப்புத் திருமணம் ஏதாவது மரத்தில் வந்தால், எந்தத் தேவாலயத்தில், யார் நடத்தி வைத்தது என்று பார்க்காமல் அடுத்த தலைமுறைக்கு இறங்காதீர்கள். தத்துப் பிள்ளைக்கும் பட்டம் போகாது.

ஐந்தாம் படி: ஒவ்வொரு சாவாக நடந்து பாருங்கள்

இனி மரத்தில் விதியைப் பொருத்தலாம். ஒருவர் இறந்ததும் அவருடைய மூத்த மகனின் கிளையைப் பாருங்கள். அந்த மகன் முன்பே இறந்திருந்தாலும் அவருக்கு மகன் இருந்தால், அந்தப் பேரன் தன் சித்தப்பாவை முந்துவான். கிளையில் யாருமே இல்லை என்றால் ஒரு படி மேலே ஏறி, அடுத்த சகோதரனின் கிளையில் இறங்குங்கள். அங்கேயும் இல்லை என்றால் இன்னொரு படி. ஆனால் முதலில் வாங்கியவரைத் தாண்டி மேலே ஏறக் கூடாது.

1842: ரிச்சர்ட் கிளை முடிந்தது. வில்லியம் 3ஆம் ஏர்ல். 1845: அவர் மகன் 4ஆம் ஏர்ல். மனைவி கேத்தரின் கொண்டுவந்த பெரும் சொத்தைக் கடனில் கரைத்தவர் இவர்தான், லண்டனுக்குக் கிழக்கே இருந்த அவளுடைய வான்ஸ்டெட் மாளிகை இடித்து விற்கப்பட்டது. 1857: அவர் மகன் 5ஆம் ஏர்ல். 1863இல் அவர் கல்யாணமாகாமல் இறந்ததும் வில்லியம் கிளையும் முடிந்தது. மறுபடி காரெட் வரை ஏறி, மூன்றாவது மகன் ஆர்தரின் கிளையில் இறங்க வேண்டும். ஆர்தர் 1852இலேயே இறந்துவிட்டார். அவருடைய மூத்த மகன், 2ஆம் வெலிங்டன் டியூக், 6ஆம் மார்னிங்டன் ஏர்ல் ஆனார். அன்றிலிருந்து அந்த ஐரிஷ் பட்டம் வெலிங்டன் டியூக் குடும்பத்திலேயே இருக்கிறது. ஒருவரையே ஒரு பட்டத்தில் 2ஆமவர், இன்னொன்றில் 6ஆமவர் என்று எழுதுவது இதனால்தான்.

சொத்து எங்கே போனது என்றும் பாருங்கள். 5ஆம் ஏர்ல் தன் தாய்வழி எஸ்டேட்டை உயில் மூலம் அப்பாவின் சித்தப்பா மகனான கௌலி ஏர்லுக்கு எழுதிவைத்தார். பட்டம் ஓர் உறவினருக்கு, நிலம் வேறோர் உறவினருக்கு. டங்கன் கோட்டையோ அதற்கு வெகு காலம் முன்பே ரிச்சர்டால் விற்கப்பட்டுவிட்டது. பட்டத்தை உயிலில் எழுத முடியாது, விற்கவும் முடியாது. சொத்தை இரண்டும் செய்யலாம். அமெரிக்காவின் மேரிலாந்தை ஆண்ட பால்டிமோர் பாரன்கள் குடும்பத்தின் பட்டமும் ஐரிஷ்தான். 1771இல் 6ஆம் பாரன் இறந்தபோது, திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஹென்றி ஹார்ஃபோர்டுக்கு உயில் மூலம் மேரிலாந்து உரிமை முழுக்கக் கிடைத்தது. பாரன் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை, அது அற்றுப்போனது.

மிக உயரம் ஏற வேண்டிய நேரமும் வரும். முன்பு சொன்ன இன்சிக்வின் குடும்பம் காலப்போக்கில் ஏர்ல், பிறகு தாமண்ட் மார்க்குவிஸ் என்று உயர்ந்தது. 1855இல் கடைசி மார்க்குவிஸ் மகன் இல்லாமல் இறந்தார். பிற்காலத்துப் பட்டங்கள் அவரோடு போயின. 1543ஆம் ஆண்டின் பாரன் பட்டத்துக்கு மட்டும் மரத்தில் முந்நூறு ஆண்டு மேலே ஏறி, முதல் மரோவின் இன்னொரு மகன் கிளையில் இறங்கினார்கள். கிளேர் கவுண்டியில் டிரோமோலண்ட் கோட்டையில் இருந்த சர் லூசியஸ் ஓ'பிரையன் கிடைத்தார். அவருடைய உரிமையை 1862இல் மேலவை ஏற்றது. 1848இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்ட வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன் இவருடைய தம்பிதான்.

இன்னொரு ஆபத்து, ராஜத்துரோகத் தீர்ப்பு. கில்டேர் ஏர்ல்கள் 1316 முதல் வந்த குடும்பம். 10ஆம் ஏர்ல், பட்டுத் தாமஸ் என்று பெயர் பெற்றவர், 1534இல் கிளர்ச்சி செய்து, 1537இல் ஐந்து சித்தப்பாக்களோடு லண்டனில் கொல்லப்பட்டார். பட்டம் பறிக்கப்பட்டது. தப்பிப்போன சின்னத் தம்பி ஜெரால்டுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அது திரும்பக் கிடைத்தது. அந்த வழியில் வந்தவர்கள்தான் 1766 முதல் லெய்ன்ஸ்டர் டியூக்குகள். அவர்கள் டப்ளினில் கட்டிய லெய்ன்ஸ்டர் மாளிகையில்தான் இன்றைய ஐரிஷ் பாராளுமன்றம் கூடுகிறது. மரம் உயிரோடு இருந்தாலும் பட்டம் நடுவில் பறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: ஆவணம் தேடுவது

அயர்லாந்தில் தேடுபவர்கள் எல்லோரும் ஒரு தேதியில் போய் முட்டிக்கொள்வார்கள்: 1922 ஜூன் 30. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு உயில்கள், அரசுப் பதிவுகள், அயர்லாந்து சபை என்ற புராட்டஸ்டன்ட் திருச்சபையின் ஏராளமான ஞானஸ்நானப் பதிவேடுகள், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி எல்லாம் சாம்பல். நினைத்தாலே மனம் கனக்கும் இழப்பு. ஆனாலும் கை விட வேண்டாம். பிரபுக் குடும்பங்களுக்கு மாற்று வழிகள் சாதாரணக் குடும்பங்களைவிட அதிகம்.

முதலில் போக வேண்டிய இடம் டப்ளின் ஹென்ரியேட்டா தெருவில் உள்ள பத்திரப் பதிவகம். 1708 முதல் பதிவுகள் அங்கே தப்பியிருக்கின்றன. நிலம் கைமாறிய பத்திரங்களில் திருமண ஏற்பாட்டுப் பத்திரங்களும் வரும். யார் யாருக்கு மகன், யார் மூத்தவன், எந்தப் பெண்ணை எப்போது மணந்தான் என்பதெல்லாம் சொத்தை முன்னிட்டுத் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அப்புறம் டப்ளின் தேசிய நூலகம். 1552 முதல் 1943 வரை செயல்பட்ட அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற மரபுச் சின்ன அலுவலகத்தின் ஆவணங்கள் வேறு கட்டடத்தில் இருந்ததால் எரியவில்லை, இன்று அவை இந்த நூலகத்தின் பொறுப்பில் உள்ளன. அந்த அலுவலகத்தில் இருந்த சர் வில்லியம் பெதம் பழைய உயில்களிலிருந்து குடும்ப விவரங்களைக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். உயில்கள் எரிந்துவிட்டன, குறிப்புகள் இருக்கின்றன. வடக்குக் கவுண்டிகளின் எஸ்டேட் காகிதங்களுக்கு பெல்ஃபாஸ்டில் உள்ள வடக்கு அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகம்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் 1845 ஏப்ரல் முதலும், பிறப்பு, இறப்பு, எல்லாத் திருமணங்களும் 1864 முதலும் அரசுப் பதிவில் உள்ளன. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குகள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எரிந்த காப்பகத்தின் நகல்களையும் மாற்றுப் பிரதிகளையும் உலகெங்கும் இருந்து சேர்த்து 2022இல் இணையத்தில் ஒரு மெய்நிகர் காப்பகம் திறந்திருக்கிறார்கள். தேடும்போது அங்கேயும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

அச்சான பிரபு வம்ச நூல்களில் ஜான் லாட்ஜ் 1754இல் வெளியிட்டதற்குத் தனி மதிப்பு உண்டு. அவர் ஆவணக் காப்பாளராக இருந்தவர், பின்னால் எரிந்துபோன மூலங்களைக் கண்ணால் பார்த்தவர். பொதுவாக இந்த வகை நூல்களில் குடும்பத்தார் தாங்களே எழுதி அனுப்பியதும் சேர்ந்திருக்கும். முன்னோர் பெருமையைக் கொஞ்சம் நீட்டியிருப்பார்கள், விருப்பமில்லாத மகனை விட்டிருப்பார்கள். நூலை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியையும் மூல ஆவணத்தால் உறுதி செய்யுங்கள்.

ஏழாம் படி: உரிமையை நிரூபிப்பது

பட்டம் சாவின் அதே நொடியில் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது சட்டம். ஆனால் அவர்தான் அடுத்தவர் என்று ஏற்கப்பட வேண்டும். 2004 முதல் பிரிட்டனில் பிரபுக்கள் பட்டியல் என்று ஓர் அதிகாரபூர்வப் பதிவேடு இருக்கிறது, ஐரிஷ் பட்டங்களும் அதில் அடங்கும். அதில் பெயர் ஏறாதவரை அரசு ஆவணங்களில் பிரபு என்று குறிப்பிட மாட்டார்கள். முந்தையவரின் இறப்பு, உரிமை கேட்பவரின் பிறப்பு, அவருடைய பெற்றோரின் திருமணம் ஆகியவற்றுக்குச் சான்று வேண்டும். தூரத்து உறவு என்றால் இடையில் உள்ள ஒவ்வொரு கிளையும் அற்றுப்போனதையும் காட்ட வேண்டும்.

இது எவ்வளவு நாள் இழுக்கும் என்பதற்கு எக்மண்ட் ஏர்ல் பட்டம் சான்று. 1929இல் முந்தைய ஏர்ல் இறந்தபோது அடுத்த வாரிசு கனடாவின் ஆல்பர்ட்டாவில் பண்ணை நடத்திக்கொண்டிருந்தார். உரிமையை நிரூபிக்கும் முன்பே 1932இல் அவர் கார் விபத்தில் இறந்தார். மகனுடைய உரிமை உறுதியானது 1939இல்தான். அந்தப் பட்டமும் 2011இல் அற்றுப்போனது.

சாவையே நிரூபிக்க முடியாவிட்டால்? 7ஆம் லூக்கன் ஏர்ல் 1974 நவம்பரில் காணாமல் போனார். 1999இல் சொத்து விஷயத்துக்காக மட்டும் அவர் இறந்தவராகக் கருதப்பட்டார், பட்டம் நகரவில்லை. 2016இல் இறப்புச் சான்றிதழ் கிடைத்த பிறகே மகன் 8ஆம் ஏர்ல் ஆனார்.

அயர்லாந்துக் குடியரசில் இதற்கெல்லாம் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது. 1937ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 40ஆம் பிரிவு, அரசு பிரபுப் பட்டம் வழங்காது என்றும், அரசின் முன் அனுமதி இல்லாமல் குடிமக்கள் அப்படிப்பட்ட பட்டத்தை ஏற்கக் கூடாது என்றும் சொல்கிறது. பழைய பட்டம் வைத்திருப்பவர்களை மரியாதைக்காக ஊரார் அப்படி அழைப்பதோடு சரி.

இணையத்தில் ஐரிஷ் பாரன் பட்டம் விற்பனைக்கு என்று வரும் விளம்பரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே விற்கப்படுவது பெரும்பாலும் பழைய நிலவுரிமையோடு ஒட்டிய வெறும் பெயர். மேலே பார்த்த பிரபுப் பட்டங்களோடு அதற்குச் சம்பந்தமில்லை, பிரபுக்கள் பட்டியலிலும் அது ஏறாது. கேலிக் குடித்தலைவர் என்ற பெயரும் தனி விஷயம். டெரன்ஸ் மக்கார்த்தி என்பவரை மக்கார்த்தி மோர், அதாவது அந்தக் குடியின் தலைவர் என்று அயர்லாந்தின் தலைமை மரபுச் சின்ன அலுவலகம் 1992இல் ஏற்றது. அவர் காட்டிய வம்சாவளி தவறு என்று தெரிந்ததும் 1999இல் அந்த அங்கீகாரம் ரத்தானது. 2003இல் குடித்தலைவர்களை அங்கீகரிக்கும் வழக்கத்தையே அரசு நிறுத்திவிட்டது. யாராவது வம்சாவளிப் படத்தோடு வந்தால், முதலில் வாங்கியவர் யார், பட்டயத்தில் வாரிசு வரி என்ன, ஒவ்வொரு தலைமுறைக்கும் திருமணச் சான்று எங்கே என்று இந்த மூன்றையும் கேளுங்கள். காகிதம் காட்டும் வரை பணம் கொடுக்க வேண்டாம்.